நடுவில் வேலை கூடினால் முடிவுத் தேதி எத்தனை நாள் தள்ளும்? (விவாத இழை)

நாள்காட்டி எழுதியது:

80 வேலை நாளில் முடிக்க வேண்டிய மென்பொருள் ப்ராஜெக்ட். 30 நாள் ஓடிவிட்டது, இதுவரை தாமதம் இல்லை. மீதி இப்படி இருக்கிறது: பேக்எண்ட் (சர்வர் பக்க வேலை) 20 நாள், திரைகள் 15 நாள், ரிப்போர்ட் 8 நாள். மூன்றும் வெவ்வேறு ஆட்களிடம் ஒரே சமயத்தில் நடக்கும். மூன்றும் முடிந்தால்தான் இன்டெக்ரேஷன் (மூன்றையும் இணைப்பது), அது 10 நாள். பிறகு டெஸ்டிங் 12, பயனர் சோதனை 5, ரிலீஸ் 3.

இப்போது கிளையண்ட் மூன்று விஷயங்களைக் கூடுதலாகக் கேட்கிறார்.

1. ரிப்போர்ட்டை எக்செலில் இறக்கும் வசதி: ரிப்போர்ட் ஆளுக்கு 4 நாள்.
2. ஓ.டி.பி. மூலம் லாகின்: பேக்எண்டில் 3 நாள், திரையில் 2 நாள்.
3. எல்லாத் திரையும் இரண்டாவது மொழியிலும் வர வேண்டும்: திரை ஆளுக்கு 6 நாள்.

மொத்தம் 15 நாள். "மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 நாள்தானே, உள்ளுக்குள்ளேயே சமாளி" என்கிறார் ஒரு மேலாளர். "15 நாள் கூடுதலாகக் கேள்" என்கிறார் இன்னொருவர். எது சரி? பேஸ்லைனையும் (முதலில் ஒப்புக்கொண்ட அட்டவணை) மாற்றிவிடலாமா?

---

கணுவும் கோடும் எழுதியது:

இரண்டும் சரியில்லை. 15 என்பது உழைப்பு. முடிவுத் தேதி எவ்வளவு நகரும் என்பது அந்த உழைப்பு, வேலைகள் ஒன்றையொன்று தொடரும் வலைப்பின்னலில் எந்த இடத்தில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்தது. கூட்டிப் பார்த்தாலோ வகுத்துப் பார்த்தாலோ அது வராது. நீங்கள் கொடுத்த எண்களையே போட்டுப் பார்ப்போம்.

இப்போதைய நிலையில் பேக்எண்ட் 50ஆம் நாள் முடியும், திரைகள் 45, ரிப்போர்ட் 38. இன்டெக்ரேஷன் 51இல் தொடங்கும். அதாவது பேக்எண்டுக்கு ஃப்ளோட் (முடிவுத் தேதியைத் தொடாமல் தாமதிக்கக்கூடிய நாள்) பூஜ்யம், திரைகளுக்கு 5 நாள், ரிப்போர்ட்டுக்கு 12 நாள். முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் மிக நீளமான தொடர், அதாவது கிரிட்டிக்கல் பாத், பேக்எண்ட் வழியாகப் போகிறது.

எக்செல் வசதி ரிப்போர்ட்டில் 4 நாளைக் கூட்டும். அது 42இல் முடியும். தேதிக்கு ஒன்றும் ஆகாது. திரைகளில் 2 + 6 = 8 நாள் கூடி 53இல் முடியும். ஓ.டி.பி. பேக்எண்டில் 3 நாளைக் கூட்டும், அதுவும் 53. ஆக 15 நாள் உழைப்பு, தயாரிப்புக் கட்டத்தில் 3 நாள் மட்டுமே தள்ளுகிறது. "15 கேள்" என்பவர் தோற்பது இங்கே.

"உள்ளுக்குள்ளே சமாளி" என்பவர் தோற்பது அடுத்ததில். இந்த மூன்று மாற்றங்களையும் படித்து, எதெது பாதிக்கப்படும் என்று பார்த்து, எஸ்டிமேட் கொடுக்கும் ஆள் யார்? பெரும்பாலும் பேக்எண்டில் உட்கார்ந்திருக்கும் மூத்த டெவலப்பர்தான். அதற்கு 2 நாள் போனால் கிரிட்டிக்கல் பாதில் நேராக 2 நாள் அடி. கிளையண்ட் கடைசியில் "வேண்டாம்" என்று சொன்னாலும் அந்த 2 நாள் போனது போனதுதான். நிறைய இடங்களில் இந்தச் செலவைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஆக பேக்எண்ட் 55இல் முடியும். இன்டெக்ரேஷன் 56 முதல் 65 வரை. டெஸ்டிங்கில் எத்தனை நாள் கூடும் என்று உங்கள் எஸ்டிமேட்டில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லாமல் தேதி சொல்ல முடியாது.

இன்னொரு கேள்வி: ஓ.டி.பி. அனுப்ப எஸ்.எம்.எஸ். சேவையில் பதிவு செய்ய வேண்டுமே, அதற்கு எத்தனை நாள் ஆகும்?

---

சோதனைச்சாலை எழுதியது:

டெவலப்பரிடம் மட்டும் எஸ்டிமேட் வாங்கினால் இப்படித்தான் வரும். டெஸ்டிங் பக்கக் கணக்கை நான் போடுகிறேன். சுமார் 24 திரைகள் என்று வைத்துக்கொள்கிறேன், உங்கள் எண்ணிக்கை வேறு என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மொழிக்கு ஒரு நாளைக்கு 12 திரை வீதம் 2 நாள். மொழிபெயர்ப்பு சரியா என்று பார்ப்பது சோதகர் வேலை இல்லை. நீளமான சொல் பட்டனுக்கு வெளியே வழிகிறதா, தேதியும் எண்ணும் சரியான வடிவில் வருகிறதா, பிழைச்செய்திகள் மட்டும் பழைய மொழியிலேயே நிற்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் எப்போதும் மாட்டும். திரையில் இருக்கிற சொற்களைப் பிரித்து எடுத்துவிடுவார்கள், சர்வரிலிருந்து வரும் செய்திகளை விட்டுவிடுவார்கள்.

ஓ.டி.பி.க்கு 1 நாள். சரியான எண், தவறான எண், காலாவதியான எண், தொடர்ந்து பலமுறை தவறு, மறுபடி அனுப்பு, செய்தி தாமதமாக வந்து இரண்டு எண்கள் ஒன்றாகக் கையில் இருப்பது, பயனர் தொலைபேசி எண்ணை மாற்றியது, எஸ்.எம்.எஸ். சேவையே விழுந்துவிட்டது. கடைசி நிலையில் என்ன நடக்க வேண்டும் என்று கிளையண்ட் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். இப்போதே கேளுங்கள். டெஸ்டிங்கில் கேட்டால் அதுவே இன்னொரு மாற்றமாகத் திரும்பி வரும்.

லாகினைத் தொட்டால் அதன் வழியாகப் போகும் எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டும். ஆட்டோமேட்டட் டெஸ்டுகள் இருந்தால் அவற்றின் லாகின் படியும் உடையும், அதைச் சரிசெய்ய அரை நாள். எக்செலுக்கு அரை நாள்: பெரிய கோப்பு, காலியான ரிப்போர்ட், முன்னால் பூஜ்யம் உள்ள எண்கள்.

மொத்தம் 4 நாள். பயனர் சோதனையில் இரண்டாவது மொழியைப் பார்க்க இன்னொரு குழு வரும் என்பதால் அங்கே 1 நாள் கூட்டுங்கள்.

இது 30ஆம் நாள் வந்த மாற்றத்துக்கான கணக்கு. இதே ஓ.டி.பி. 75ஆம் நாள், டெஸ்டிங் முடிந்த பிறகு வந்தால் 1 நாளில் முடியாது. முடித்து டிக் போட்டதில் பெரும்பகுதியைத் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும். அதே மாற்றம், அதே நிரல், விலை மட்டும் வேறு. அதனால் டெஸ்டிங் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே "இதற்குப் பின் வரும் மாற்றம் அடுத்த ரிலீஸுக்கு" என்று ஒரு நாளைக் குறித்து ஒப்பந்தத்திலோ திட்ட ஆவணத்திலோ போட்டுவைப்பது நல்லது.

---

நாள்காட்டி எழுதியது:

எஸ்.எம்.எஸ். சேவைப் பதிவு, செய்தி வார்ப்புருவுக்கு அனுமதி எல்லாம் சேர்த்து 15 வேலை நாள் ஆகுமாம். கிளையண்ட் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும்.

---

கணுவும் கோடும் எழுதியது:

அப்படியானால் கணக்கு முழுமையாகிறது. இன்டெக்ரேஷன் 65இல் முடியும். டெஸ்டிங் 16 நாள், 81 வரை. பயனர் சோதனை 6 நாள், 87 வரை. ரிலீஸ் 90. 10 வேலை நாள் தள்ளும். பிரித்துச் சொன்னால் ஆய்வு 2, பேக்எண்ட் 3, டெஸ்டிங் 4, பயனர் சோதனை 1.

15 நாள் பதிவுக் காலம் சொல்வது இன்னொன்று. பேக்எண்ட் ஆள் பழைய வேலையை 52ஆம் நாள் முடித்து 53இல் ஓ.டி.பி.யைத் தொடுவார். அதற்குள் பதிவு முடிந்திருக்க வேண்டுமென்றால் ஒப்புதல் 37ஆம் நாள் முடிவதற்குள் வர வேண்டும். 38க்குப் போனால் முடிவு 91. 42க்குப் போனால் 95. கிளையண்டுக்குச் சொல்ல வேண்டிய மிக முக்கியமான எண் இந்த 37தான். "10 நாள் தள்ளும்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அவர் மூன்று வாரம் யோசித்துவிட்டு "சரி, அதே 10 நாள்" என்பார். எஸ்டிமேட்டுக்கு எப்போதும் ஒரு காலாவதித் தேதி போடுங்கள்.

ஃப்ளோட்டையும் மறுபடி பாருங்கள். திரைகளுக்கு 5 நாள் இருந்தது, இப்போது 2. முடிவுத் தேதியில் தெரியாத நஷ்டம் இது. திரை ஆள் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால், முன்பு யாருக்கும் தெரிந்திருக்காது. இனிமேல் தேதி நகரும்.

---

பர்ன்அப் எழுதியது:

கணக்கு அழகாக இருக்கிறது சார். ஆனால் 80 நாள் வேலையை 30ஆம் நாளிலேயே இவ்வளவு துல்லியமாக நாள் பிரித்துச் சொல்வதை நான் நம்ப மாட்டேன். "90ஆம் நாள்" என்று கிளையண்டிடம் சொன்னால் அவர் அதைப் பிடித்துக்கொள்வார். வரம்பாகச் சொல்லுங்கள், 88 முதல் 95 என்று.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முன்னுரிமையை மாற்றிக்கொண்டே போகும் குழுவாக இருந்தால் வழி எளிது. தேதியைக் கட்டிவிட்டு வேலையை மாற்றலாம். புதியது உள்ளே வந்தால் அதே அளவு ஏதாவது வெளியே போக வேண்டும். "எதை எடுக்கட்டும்?" என்று கேட்டால் பாதி மாற்றங்கள் அப்போதே அவசரமில்லாதவை ஆகிவிடும்.

இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. பட்டியலில் வெளியே எடுக்கக்கூடியவை இருக்க வேண்டும். கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போதைக்கு இல்லை என்று நான்காகப் பிரிக்கும் மாஸ்கோ முறையில், கட்டாய வேலைகளின் உழைப்பு மொத்தத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதைப் பயன்படுத்தும் டி.எஸ்.டி.எம். என்ற திட்ட மேலாண்மை முறை சொல்கிறது. எல்லாமே கட்டாயம் என்று எழுதி வாங்கிய பட்டியலில் இந்த உத்தி செல்லாது.

இன்னொன்று, மீதி வேலையை மட்டும் காட்டும் பர்ன்டவுன் படத்தைக் காட்டாதீர்கள். 100 புள்ளியில் 40 முடித்து 60 மீதி என்ற நிலையில் 20 புள்ளி கூடினால், மீதி 80 ஆகி, குழு பின்னோக்கி ஓடியது போலத் தெரியும். பர்ன்அப்பில் இரண்டு கோடுகள். ஒன்று முடித்தது, இன்னொன்று மொத்தம். மொத்தக் கோடு எந்த வாரம் மேலே ஏறியது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். மேலிடத்துக் கூட்டத்தில் பத்து நிமிட விளக்கம் மிச்சம்.

---

கணுவும் கோடும் எழுதியது:

வரம்பு சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஒவ்வொரு புது வேலைக்கும் நல்லது, நடக்கக்கூடியது, மோசம் என்று மூன்று எண்கள் வாங்கி, நடு எண்ணுக்கு 4 மடங்கு எடை கொடுத்து 6ஆல் வகுக்கலாம். ஓ.டி.பி. பேக்எண்டுக்கு 2, 3, 7 என்று வந்தால் 3.5 நாள். 1950களின் இறுதியில் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறையின் சூத்திரம்தான் இது, இன்றும் வேலை செய்கிறது. மோச எண் ஏன் 7 என்று கேளுங்கள். அந்த பதிலில்தான் ஆபத்து இருக்கும்.

ஆனால் "உள்ளே ஒன்று, வெளியே ஒன்று" எல்லா இடத்திலும் எடுபடாது. 6 நாள் மொழி வேலைக்குப் பதிலாக ரிப்போர்ட்டில் 6 நாள் வேலையை வெளியே எடுத்தால் உழைப்புக் கணக்கு சமம். தேதிக் கணக்கு சமமில்லை. ரிப்போர்ட்டில் ஏற்கெனவே ஃப்ளோட் கொட்டிக் கிடக்கிறது. எடுப்பதாக இருந்தால் கிரிட்டிக்கல் பாதிலிருந்தோ டெஸ்டிங்கிலிருந்தோ எடுங்கள்.

---

பர்ன்அப் எழுதியது:

அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஆள் எல்லா வேலையும் செய்யக்கூடிய குழுவில் என் கணக்கு ஓடும். ஆளுக்கு ஒரு துறை என்றிருக்கும் இடத்தில் ஓடாது.

---

நாள்காட்டி எழுதியது:

மேலிடத்தில் 90ஐக் கேட்டதும் "இன்னும் மூன்று பேரைத் தருகிறோம், 80க்குள் முடியுங்கள்" என்கிறார்கள். இப்போது குழுவில் 6 பேர்.

---

சோதனைச்சாலை எழுதியது:

ஆள் கூட்டுவதில் எந்த வேலைக்கு என்பதுதான் கேள்வி. தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று பிரெட் ப்ரூக்ஸ் 1975இல் சொன்னதற்குக் காரணம், புது ஆளுக்குக் கற்றுத்தர வேண்டியவர் ஏற்கெனவே கிரிட்டிக்கல் வேலையில் இருப்பவர் என்பது. பேச வேண்டிய ஜோடிகளும் கூடும். 6 பேருக்கு 15 ஜோடி, 9 பேருக்கு 36.

பேக்எண்டில் மீதி 20 நாள்தான். புதியவர் நிரலைப் புரிந்துகொள்ளவே அதில் பாதி போய்விடும். அங்கே வேண்டாம்.

டெஸ்டிங்கில் ஒருவரைச் சேர்க்கலாம். டெஸ்ட் கேஸ்கள் எழுதித் தயாராக இருந்தால் மொழிச் சோதனையையும் ரிக்ரஷனையும் (பழையவை உடைந்தனவா என்ற மறுசோதனை) தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியும். 16 நாளை 12க்குக் கொண்டுவரலாம், 8க்கு வராது. கண்டுபிடித்த பிழைகளைத் திருத்தும் டெவலப்பர்களின் வேகம் கூடவில்லையே. அவரை 66ஆம் நாள் அழைக்காதீர்கள். 60க்கு முன்பே வந்து சூழலும் அனுமதிகளும் வாங்கி உட்கார்ந்திருக்க வேண்டும்.

---

பர்ன்அப் எழுதியது:

ஓ.டி.பி.யைத் தேவைப்படும்போது இயக்கக்கூடிய ஒரு ஸ்விட்சுக்குப் பின்னால் வைத்து, அது இல்லாமலேயே 53இல் இன்டெக்ரேஷன் தொடங்கினால் மேலும் 3 நாள் கிடைக்குமே. லாகினின் வெளி இடைமுகத்தை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் போதும்.

---

கணுவும் கோடும் எழுதியது:

2 நாள்தான் கிடைக்கும். திரைகள் 53இல்தானே முடிகின்றன? பேக்எண்டை விடுவித்ததும் கிரிட்டிக்கல் பாத் திரைகள் பக்கம் தாவிவிட்டது. ஒன்றைச் சுருக்கியதும் பாதையை மறுபடி கணக்கிடாமல் அடுத்த சுருக்கலுக்குப் போவது அடிக்கடி நடக்கும் பிழை.

இங்கே வழி இருக்கிறது. ரிப்போர்ட் ஆள் 42இல் சும்மா ஆகிறார். 6 நாள் மொழி வேலையை அவரிடம் கொடுத்தால் அவர் 48இல் முடிப்பார், திரைகள் 47இல் முடியும். அப்போது 3 நாளும் கிடைக்கும். அவருக்கு அந்தத் திரைகளின் நிரல் தெரியுமா என்பதை முதலில் பாருங்கள்.

இந்த மாற்றத்தோடு முடிவு 87. இரண்டாவது சோதகரும் வந்தால் 83. அதற்கு மேல் இறக்க வேண்டுமென்றால் வேலையைத்தான் குறைக்க வேண்டும். இன்டெக்ரேஷனோடு ஓ.டி.பி. ஒட்டி ஓடும்போது பிழை எந்தப் பக்கத்தது என்று தேடும் நேரம் கூடும். 83 என்று வாக்குக் கொடுக்கும் முன் அதற்கு ஓரிரு நாள் ஒதுக்கிவிடுங்கள்.

---

சாரமும் செங்கலும் எழுதியது:

கட்டுமானப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள். அடிப்படை ஒன்றுதான், ஆனால் எங்களிடம் மாற்றம் வந்தால் கட்டியதை இடிக்கவும் வேண்டும்.

மாற்றத்தை ஷெட்யூலில் ஒரே பட்டையாகப் போடாதீர்கள். சிறு துணுக்கு வலைப்பின்னலாகப் போடுங்கள்: வரைபடம் திருத்தம், ஒப்புதல், பொருள் ஆர்டர், பொருள் வந்து சேர்தல், இருப்பதை இடித்தல், புதியது கட்டல், ஆய்வு. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் எது என்று இணைப்பு கொடுங்கள். இதை ஃபிராக்நெட் என்பார்கள். ஒரு சுவரில் கதவின் இடம் மாறினால் கட்டும் வேலை இரண்டு நாள்தான். கதவுச் சட்டம் வர ஆறு வாரம் என்றால் அந்த ஆறு வாரம்தான் மாற்றத்தின் நீளம். காங்கிரீட் முற்றும் காலத்தை ஆள் போட்டுக் குறைக்க முடியாது, அதுவும் நினைவில் இருக்கட்டும்.

துணுக்கைச் செருகும் முன் நடப்பு ஷெட்யூலை மாற்றம் வந்த நாள் வரை அப்டேட் செய்யுங்கள். இது மிக முக்கியம். ஏற்கெனவே 3 நாள் உங்கள் பக்கத் தாமதம் இருந்தால் முதலில் அது முடிவுத் தேதியில் தெரியட்டும், அந்தப் பிரதியைச் சேமித்துவையுங்கள். பிறகு மாற்றத்தைச் செருகி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு முடிவுத் தேதிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் மாற்றத்தின் பங்கு. பழைய பேஸ்லைனிலேயே செருகிக் காட்டினால் உங்கள் தாமதத்தை மாற்றத்துக்குள் மறைக்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

ஷெட்யூல் மென்பொருள் செய்யும் குறும்புகள் இரண்டு. முடிவு வேலையில் "இந்தத் தேதியிலேயே முடிய வேண்டும்" என்று பூட்டுப் போட்டிருந்தால், என்ன செருகினாலும் தேதி அசையாது. ஃப்ளோட் பூஜ்யத்துக்குக் கீழே (நெகட்டிவ்) போயிருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். பிரைமவேரா என்ற ஷெட்யூல் மென்பொருளில் வரிசை மாறி நடந்த வேலைகளுக்கு ரிடெயின்ட் லாஜிக், புரோக்ரஸ் ஓவர்ரைடு, ஆக்சுவல் டேட்ஸ் என்று மூன்று கணக்கு முறை உண்டு. அமைப்பை மாற்றினால் ஒரே ஷெட்யூல் வேறு தேதி காட்டும். முன், பின் பிரதிகள் இரண்டையும் ஒரே அமைப்பில் ஓட்டுங்கள்.

---

ஒப்பந்தக்கண் எழுதியது:

தேதியைச் சரியாகக் கணக்கிட்டும் கூடுதல் கால உரிமையை இழப்பவர்கள் பலர். கணக்கில் பிழை இருக்காது, அறிவிப்பு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் அறிவிப்புக் கெடு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். கட்டுமானத்தில் பரவலாகப் பயன்படும் ஃபிடிக் 1999 ஒப்பந்த வடிவத்தில் நிகழ்வு தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் ஒப்பந்ததாரர் அறிவிக்க வேண்டும், முழு விவரம் 42 நாளுக்குள். 2017 பதிப்பிலும் அறிவிப்புக்கு 28 நாள்தான், விவரத்துக்கு 84 நாள். அறிவிப்புக் கெடு தவறினால் காலமும் பணமும் இரண்டும் போகும். இவை காலண்டர் நாட்கள், வேலை நாட்கள் இல்லை. அறிவிப்பில் கணக்கு முழுதாக இருக்க வேண்டியதில்லை. "இந்த நிகழ்வு நடந்தது, காலம் பாதிக்கும், விவரம் பின்னால்" என்றாலே போதும். முழுக் கணக்கும் முடியட்டும் என்று காத்திருப்பதில்தான் கெடு தவறுகிறது.

ஃப்ளோட் யாருடையது என்ற சண்டையும் வரும். ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால் ஃப்ளோட் ப்ராஜெக்டுக்கே சொந்தம், முதலில் தேவைப்படுபவர் எடுத்துக்கொள்வார் என்பதே பொதுவாக ஏற்கப்படும் நிலை. பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் தாமதம் பற்றி வெளியிட்ட நெறிமுறையின் 2017 பதிப்பும் இந்த வழியில்தான் போகிறது: மாற்றம் ஃப்ளோட்டைப் பூஜ்யத்துக்குக் கீழே தள்ளும் அளவுக்கே கூடுதல் காலம். ஆக எக்செல் வசதிக்காகத் தயாரிப்பில் 4 நாள் கேட்க முடியாது. அதற்கான பணத்தைக் கேட்கலாம், அது வேறு கணக்கு.

---

நாள்காட்டி எழுதியது:

பேஸ்லைன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

---

கணுவும் கோடும் எழுதியது:

ஒப்புதல் கையெழுத்தான பிறகு மாற்றலாம், அதற்கு முன் இல்லை. தாமதத்தைச் சரிக்கட்ட ஒருபோதும் மாற்றக் கூடாது. முதல் பேஸ்லைனை அழிக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் 11 பேஸ்லைன் வரை சேமிக்கலாம், அது இதற்காகத்தான். புதியது எந்த மாற்ற எண்ணுக்கு, எந்த ஒப்புதல் தேதிக்கு என்று குறித்துவையுங்கள்.

மாற்ற வேலையை நடப்பு ஷெட்யூலில் சேர்த்துவிட்டு பேஸ்லைனில் சேர்க்காமல் விடுவது இன்னொரு தொல்லை. ஒப்புதல் பெற்ற வேலைக்கே குழு பின்தங்கியதாக அறிக்கை வரும். எஸ்.பி.ஐ. (ஈட்டிய மதிப்பைத் திட்டமிட்ட மதிப்பால் வகுத்த எண்) பார்ப்பவர்கள் கவனத்துக்கு: ப்ராஜெக்ட் எவ்வளவு தாமதமாக முடிந்தாலும் கடைசியில் அது 1க்கே வந்து நிற்கும், ஏனென்றால் திட்டமிட்ட மதிப்பு முழுவதும் அப்போது ஈட்டப்பட்டிருக்கும். கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்தில் எஸ்.பி.ஐ.யை நம்பித் தேதி சொல்லாதீர்கள். கிரிட்டிக்கல் பாதைப் பாருங்கள்.

---

சாரமும் செங்கலும் எழுதியது:

சின்னச் சின்ன மாற்றங்களுக்கு என்ன செய்வது என்று யாரும் தொடவில்லை. அரை நாள் வேலைக்கெல்லாம் முழு ஆய்வு என்றால் ஆய்வே வேலையைத் தின்னும்.

ஒரு வரம்பு வையுங்கள். அரை நாளுக்குக் குறைவாக, கிரிட்டிக்கல் பாதைத் தொடாமல், வெளியார் அனுமதி தேவைப்படாமல் இருந்தால் ஒரு பொதுக் கணக்கில் கழியுங்கள். 80 நாள் வேலைக்கு 4 நாள் என்று தொடக்கத்திலேயே கிளையண்டோடு பேசி ஒதுக்கலாம். 3 நாள் தீர்ந்ததும் அவருக்குத் தெரிவியுங்கள், 4ம் தீர்ந்தால் எதுவானாலும் முழு வழியில்தான். மூன்று நிபந்தனையில் ஒன்று தவறினாலும் சின்ன மாற்றம் இல்லை. பட்டன் நிறம் மாற்றுவது பத்து நிமிடம், ஆனால் அதற்கு வெளியார் ஒருவர் ஒப்புதல் தர ஒரு வாரம் என்றால் அது ஒரு வார மாற்றம்.

எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். எண், வந்த தேதி, கேட்டவர், எந்த வழியில் கேட்டார், எந்தப் பகுதி பாதிப்பு, உழைப்பு நாள், முடிவுத் தேதியில் நாள், முடிவெடுக்கக் கடைசி நாள், முடிவு, முடிவெடுத்தவர். உழைப்பு நாளும் தேதி நாளும் தனித்தனி நெடுவரிசையாக இருக்கட்டும். தேதி நாட்களை மட்டும் கூட்டி மொத்தம் போடாதீர்கள், ஒன்றோடொன்று மேற்படிவதால் கூட்டுத்தொகை பொய் சொல்லும். மொத்த விளைவு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் செருகி ஷெட்யூலை ஒரு தடவை ஓட்டுங்கள்.

---

பர்ன்அப் எழுதியது:

கிளையண்டுக்கு மூன்று தெரிவுகளாக அனுப்புங்கள். ஒரே எண்ணாக அனுப்பினால் பேரம் தொடங்கும், தெரிவுகளாக அனுப்பினால் முடிவு வரும். உங்கள் எண்களை வைத்து ஒரு வரைவு:

"கேட்ட மூன்று மாற்றங்களுக்கும் ஆய்வு முடிந்தது. ஆய்வுக்கான 2 நாள் எல்லாத் தெரிவிலும் சேர்ந்துள்ளது.
தெரிவு 1: மூன்றும் இந்த ரிலீஸில். முடிவு 90ஆம் வேலை நாள்.
தெரிவு 2: எக்செலும் ஓ.டி.பி.யும் இப்போது, இரண்டாவது மொழி அடுத்த ரிலீஸில். முடிவு 87ஆம் வேலை நாள்.
தெரிவு 3: எக்செல் மட்டும் இப்போது. முடிவு 83ஆம் வேலை நாள்.
37ஆம் வேலை நாள் மாலைக்குள் எழுத்தில் ஒப்புதல் வந்தால் இந்தத் தேதிகள் செல்லும். தெரிவு 1, 2இல் அதன் பின் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூடும். பதில் வரும்வரை முதலில் ஒப்புக்கொண்ட வேலை மட்டும் தொடரும்."

தெரிவு 2இல் ஒரு சின்ன வேலையை இப்போதே சேர்த்துவிடுங்கள்: திரைச் சொற்களை நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைப்பது, 2 நாள். திரைகள் 49இல் முடியும், தேதியைத் தொடாது. இப்போது விட்டால் அடுத்த ரிலீஸில் 24 திரையையும் மறுபடி திறக்க வேண்டும்.

ஆள் கூட்டுவது, ஸ்விட்சு எல்லாம் இந்தக் கடிதத்தில் வேண்டாம். அது உங்கள் கையிருப்பு. 90ஐ அவர் ஏற்க முடியாதபோது மட்டும், அதற்கான செலவோடு வெளியே எடுங்கள்.

---

நாள்காட்டி எழுதியது:

அனுப்பினேன். "நீங்கள் தொடங்கிவிடுங்கள், தேதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று தொலைபேசியில் சொல்கிறார்.

---

ஒப்பந்தக்கண் எழுதியது:

தொலைபேசியை வைத்த கையோடு ஒரு மின்னஞ்சல்: "இன்று பேசியபடி மூன்று மாற்றங்களையும் தொடங்கச் சொன்னீர்கள். இதைத் தெரிவு 1 என்று எடுத்துக்கொள்கிறோம், முடிவு 90ஆம் வேலை நாள். இது சரியில்லை என்றால் இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் சொல்லுங்கள்." மௌனம் சம்மதமாகுமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது, ஆனால் பின்னால் எடுத்துக்காட்ட ஒரு தாள் இருக்கும். மாற்றத்துக்கு எழுத்து ஒப்புதல் கட்டாயம் என்று ஒப்பந்தம் சொன்னால் இந்த மின்னஞ்சலும் போதாது. பதில் வரும்வரை தொடங்காதீர்கள்.

---

கணுவும் கோடும் எழுதியது:

அந்த இரண்டு நாளில் எக்செல் வேலையைத் தயார்நிலையில் மட்டும் வையுங்கள். அதற்கு 13 நாள் ஃப்ளோட் இருக்கிறது, அவசரமில்லை. கிளையண்டிடம் ஒன்றே ஒன்றைத் துரத்துங்கள்: எஸ்.எம்.எஸ். பதிவுக்கான ஒப்புதலைத் தனியாகப் பிரித்துத் தர முடியுமா என்று. மூன்றையும் சேர்த்து முடிவெடுக்க அவருக்கு நேரம் ஆகலாம். பதிவு விண்ணப்பம் மட்டும் 37க்குள் போய்விட்டால், மீதி முடிவுக்கு இன்னும் சில நாள் தாங்கும். கடைசியில் ஓ.டி.பி. வேண்டாம் என்று போனால் பதிவுக் கட்டணம் யார் தலையில் என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.